ஓடிப் பிழைத்தால் ஒரு மில்லியன்: 1970-இல் ஜெர்மனி பார்த்த ‘நேரலை’

1970 அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. மேற்கு ஜெர்மனியின் பொதுத் தொலைக்காட்சியான ஏ.ஆர்.டி.யில் ஒரு கேளிக்கை நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. மேடை, நடனக்காரிகள், இசை, கைதட்டும் கூட்டம். தொகுப்பாளர் சிரித்த முகத்தோடு விவரம் சொல்கிறார். பெர்ன்ஹார்ட் லோட்ஸ் என்ற இளைஞர் ஆறு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறார். மூன்று பேர் துப்பாக்கியோடு அவரைத் தேடி அலைகிறார்கள். இன்று ஏழாவது நாள், அதுவே கடைசி நாள். உயிரோடு அரங்கத்துக்கு வந்து சேர்ந்தால் பத்து லட்சம் மார்க் அவருக்கு. சுட்டுவிட்டால் சுட்டவர்களுக்குப் பணம்.

ஒளிபரப்பு முடிந்ததும் நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. இப்படி ஒரு கொடுமையை எப்படிக் காட்டலாம் என்று கொதித்தவர்கள் ஒரு பக்கம். அடுத்த முறை ஓட நான் தயார் என்று பெயர் கொடுக்க வந்தவர்கள் இன்னொரு பக்கம். துரத்துகிற கூட்டத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது ‘தாஸ் மிலியோனென்ஷ்பீல்’ (மில்லியன் ஆட்டம்) என்ற தொலைக்காட்சிப் படம். எழுதியவர் வொல்ஃப்காங் மெங்கே, இயக்கியவர் டாம் டோல்லே, தயாரித்தது கொலோன் நகரின் டபிள்யூ.டி.ஆர். நிலையம். வன்முறை ரியாலிட்டி ஷோவைக் கிண்டலடித்து உலகில் எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. ரியாலிட்டி ஷோ என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில் வந்த இந்தப் படம் அவற்றில் பெரும்பாலானவற்றைவிடக் கூர்மையாக இருக்கிறது. அந்தக் கூர்மை எங்கிருந்து வந்தது, பின்னால் வந்தவர்கள் கையில் அது எப்படி மழுங்கியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

திரையில் இருந்தது என்ன

படம் தொடங்கும்போதே நாம் நிகழ்ச்சியின் நடுவில் இருக்கிறோம். கதாபாத்திர அறிமுகம் கிடையாது. லோட்ஸ் யார், ஏன் இதில் சேர்ந்தார், வீட்டில் என்ன நிலைமை என்பதெல்லாம் தொகுப்பாளர் வாயால்தான் நமக்கு வருகிறது. அதாவது நிலையத்துக்கு எது லாபமோ அந்த அளவுக்குத்தான் வருகிறது. அவருடைய அம்மா அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மகன் எந்த நிமிடமும் சாகலாம் என்ற நிலையில் அவரிடம் மைக்கை நீட்டுகிறார்கள். அந்த அம்மாளுக்கு அழுவதா, கேமராவுக்கு மரியாதையாகப் பதில் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறார். படத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பகுதி துப்பாக்கிச் சூடு எதுவும் இல்லை; இதுதான்.

படத்துக்குள் இந்த ஆட்டம் சட்டப்படி நடக்கிறது. ஓய்வுநேரத்தைச் சுறுசுறுப்பாகக் கழிப்பதற்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டதாம்! நடத்துவது ‘டிரான்ஸ்யூரோப்பா’ என்ற தனியார் தொலைக்காட்சி. செலவை ஏற்பது ‘ஸ்டாபில் எலீட்’ என்ற வணிகக் குழுமம். கொலைத்துரத்தல் சூடு பிடிக்கும் நேரத்தில் அந்தக் குழுமத்தின் விளம்பரம் வரும், பிறகு நடனம், மறுபடி தெருவில் நிற்கும் நிருபர். கடைசியில் லோட்ஸ் அரங்கத்துக்கு வந்து சேர்கிறார். அங்கே ‘மரணச் சுருள்’ என்று ஒரு பாதை அமைத்து வைத்திருக்கிறார்கள். குண்டு துளைக்காத தடுப்புகளுக்கு இடையே அங்கங்கே இடைவெளி விட்டிருக்கிறார்கள். துரத்தியவர்கள் சுட வசதியாக. லோட்ஸ் தப்பிவிடுகிறார். ஆனால் ஜெயித்த மனிதனாக அவரைப் பார்க்க முடிவதில்லை, நொறுங்கிப் போயிருக்கிறார். நிகழ்ச்சிக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை.

யாரை நடிக்க வைத்தார்கள் என்பதில்தான் மெங்கேயும் டோல்லேயும் செய்த காரியம் வெளிப்படுகிறது. லோட்ஸாக வந்த யோர்க் பிளேவா நடிகர். ஆனால் தொகுப்பாளர் திலோ உலென்ஹோர்ஸ்ட் வேடத்தில் வந்த டீட்டர் தாமஸ் ஹெக் நிஜத் தொகுப்பாளர். 1969 ஜனவரியிலிருந்து இசட்.டி.எஃப். அலைவரிசையில் ‘ஹிட்பரேட்’ பாட்டு நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர். மூச்சு விடாமல் வேகமாகப் பேசுவது அவர் முத்திரை. ஜெர்மானியக் குடும்பங்களுக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி. தெருவில் நின்று துரத்தலை வர்ணிக்கும் நிருபர்களாக வந்த ஹெரிபெர்ட் ஃபாஸ்பெண்டர், ஆர்னிம் பாஷெ இருவரும் நிஜ வாழ்க்கையில் விளையாட்டுச் செய்தியாளர்கள். எந்தக் குரலில் பந்தயத்தை வர்ணிப்பார்களோ அதே குரலில் ஒருவன் சந்து சந்தாக ஓடுவதை வர்ணிக்கிறார்கள். கொலைக்கூட்டத்தின் தலைவன் டீட்டர் ஹாலர்ஃபோர்டன். பிற்பாடு ஜெர்மனியையே சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர். இன்று படத்தைப் பார்க்கும் ஜெர்மானியர்களுக்கு அவர் முகத்தைக் கண்டதும் முதலில் சிரிப்புதான் வருமாம். அது 1970-இன் பார்வையாளருக்கு இல்லாத சலுகை. இசை, கொலோனின் ‘கேன்’ குழுவைச் சேர்ந்த இர்மின் ஷ்மிட்.

நம்பியிருக்கவே கூடாது

இந்த நிகழ்வை எடுத்துச் சொல்பவர்கள் பலரும் ‘மக்கள் ஏமாந்துவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கால ஜெர்மன் தொலைக்காட்சி எப்படி இருந்தது என்று பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசானதாக இல்லை.

1970-இல் மேற்கு ஜெர்மனியில் தனியார் தொலைக்காட்சி என்று ஒன்று கிடையாது. அது 1984-இல்தான் வந்தது. பொது நிலையங்களில் விளம்பரம் உண்டு, ஆனால் மாலை எட்டு மணிக்கு முன்னால் மட்டும். ஞாயிற்றுக்கிழமையில் அறவே கிடையாது. ஆக, ஞாயிறு இரவு, ஏ.ஆர்.டி.யில், நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தி ஒரு கம்பெனி தன் சரக்கை விற்கிறது என்றால், அது ஒன்றே போதும், இது பொய் என்று தெரிய. இன்னொருவர் நிலையத்தின் ஹெக் இங்கே எப்படி வந்தார், அவருக்கு ஏன் வேறு பெயர் என்ற கேள்வியும் வந்திருக்க வேண்டும். ஆளைக் கொல்லலாம் என்று சட்டம் வந்தது எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லையே என்ற கேள்வியைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு ஓட்டைகளையும் தாண்டி நம்பினார்கள் என்றால், உள்ளடக்கத்தை நம்பவில்லை, அமைப்பை நம்பினார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தெரிந்த முகம், தெரிந்த மேடை, ‘இப்போது நம் நிருபரிடம் போகலாம்’ என்ற தெரிந்த வாக்கியம். இவை சரியாக அமைந்துவிட்டால் நடுவில் எதை வைத்தாலும் உள்ளே இறங்கிவிடும். விண்ணப்பம் போட நினைத்தவர்களை முட்டாள்கள் என்று சிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிகழ்ச்சி அவர்களைப் பார்வையாளராக வைத்துப் பேசியது, அவர்கள் பார்வையாளராகவே பதில் சொன்னார்கள். படம் அவர்களுக்கு வேறு இருக்கை எதையும் போட்டு வைக்கவில்லை.

அதுதான் இந்தப் படத்தின் சூட்சுமம். நிகழ்ச்சிக்கு வெளியே கால் வைக்க நமக்கு ஓர் அங்குலம்கூடக் கிடைப்பதில்லை. இது தப்பு என்று நம் சார்பில் கத்துகிற பாத்திரம் இல்லை. அப்படியே யாராவது எதிர்த்துப் பேசினாலும் அதையும் நிகழ்ச்சியே ‘சமநிலைக்காக’ ஒளிபரப்பும்.

மெங்கேவுக்கு இது கைவந்த கலை. 1973-இல் அவர் எழுத, வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘ஸ்மாக்’, ரூர் தொழில்பகுதியில் காற்று நஞ்சாகிவிட்டதாகச் செய்திப்பட பாணியில் காட்டியது. அதைப் பார்த்தும் ஆட்கள் அரண்டுபோய்த் தொலைபேசியை எடுத்தார்கள். அவருடைய ‘ஆல்ஃபிரெட்’ என்ற வாய்க்கொழுப்புப் பிடித்த, இனவெறி பேசும் குடும்பத்தலைவர் பாத்திரத்தைப் பார்த்து, சரியாகத்தானே சொல்கிறார் என்று தலையாட்டியவர்களும் உண்டு. இதை ஒரு எழுத்தாளனின் தோல்வி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறைக்கிற மாதிரி எழுதினால் இது கூடவே வரும்.

நிஜத் தொலைக்காட்சியும் சும்மா இருக்கவில்லை. படம் வந்து அரை ஆண்டுகூட ஆகாத 1971 மார்ச்சில், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றிலும் ஓடிய ‘வுன்ஷ் டிர் வாஸ்’ என்ற குடும்ப நிகழ்ச்சியில், ஒரு குடும்பத்தைக் காருக்குள் உட்கார வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். மூழ்கும் காரிலிருந்து எப்படித் தப்புவது என்று மக்களுக்குக் கற்றுக்கொடுக்கவாம். உள்ளே இருந்தவர்களால் தானாக வெளியே வர முடியாமல் போனது. முக்குளிப்பவர்கள் இறங்கி மீட்டார்கள். இதற்கு ஸ்பான்சரும் இல்லை, சட்டத் திருத்தமும் இல்லை. நல்லெண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூலக்கதையும் பூட்டிய பெட்டியும்

கதை மெங்கேவின் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லி 1958-இல் எழுதிய ‘தி பிரைஸ் ஆஃப் பெரில்’ என்ற சிறுகதைதான் மூலம். அதிலும் ஒரு சாதாரண ஆள், ஜிம் ரேடர், ஒரு வாரம் கொலைகாரர்களிடம் சிக்காமல் இருக்க வேண்டும். பரிசு இரண்டு லட்சம் டாலர். ‘விருப்பத் தற்கொலைச் சட்டம்’ என்று அங்கேயும் ஒரு சட்டம் உண்டு. திறமைசாலிகளும் சாகசக்காரர்களும் வேண்டாம், சாதாரண ஆட்கள்தான் சாக வேண்டும், அதைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்ற கணக்கை ஷெக்லி 1958-லேயே போட்டுவிட்டார். கதையில் ஓர் இடம்: கொலைகாரர்கள் வெளியே நிற்க, ரேடர் அறைக்குள் பதுங்கியபடி கையடக்கத் தொலைக்காட்சியில் தன்னைப் பற்றிய நிகழ்ச்சியையே பார்க்கிறான்.  இன்று நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

இந்த மூலத்தால்தான் படத்துக்கு வினையும் வந்தது. படமாக்கும் உரிமையை டபிள்யூ.டி.ஆர். முறையாகப் பெற்றிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒரு மறுஒளிபரப்போடு சரி, படம் பெட்டிக்குள் போனது. மீண்டும் வெளியே வந்தது 2002-இல். இடையில் மூன்று தலைமுறைத் தொலைக்காட்சி கடந்து போய்விட்டது. 1984-இல் தனியார் அலைவரிசைகள் வந்தன. 1999-இல் நெதர்லாந்தில் பிறந்த ‘பிக் பிரதர்’ அடுத்த ஆண்டே ஜெர்மனிக்கும் வந்தது. படம் எச்சரித்த காலம் முழுவதும் படம் மட்டும் ஊரில் இல்லை.

நாயகன் திருப்பி அடிக்கிறான்

அதே கதையை 1983-இல் பிரான்சில் இவ் புவாசே ‘லெ ப்ரி து தாஞ்செ’ என்ற பெயரில் எடுத்தார். ஓடுபவன் ஜெரார் லான்வேன், தொகுப்பாளர் மிஷல் பிக்கோலி. பிக்கோலியின் பல்லிளிப்பு ஒன்றுக்காகவே பார்க்கலாம். ஆனால் இங்கே ஒரு மாற்றம் நடக்கிறது. ஆட்டமே மோசடி, நிலையம் தனக்கு வேண்டியபடி ஆட்டத்தை வளைக்கிறது என்று நாயகன் கண்டுபிடித்து, அரங்கத்துக்கு வந்து கேமரா முன்னால் போட்டு உடைக்கிறான். அவனுக்குப் பைத்தியப் பட்டம் கட்டி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வந்துவிட்டதால், நாம் அவன் கட்சியில் போய் நின்றுகொள்கிறோம். ‘மோசடி’ என்ற சொல்லும் இடிக்கிறது. ஆட்டம் நேர்மையாக நடந்திருந்தால் பரவாயில்லையா?

1987-இல் அமெரிக்காவின் ‘தி ரன்னிங் மேன்’. ஸ்டீஃபன் கிங், ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் 1982-இல் எழுதிய நாவல்தான் மூலம். நாயகன் அர்னால்ட் ஷ்வார்ஸநெகர். தன் படத்தைக் காப்பி அடித்துவிட்டார்கள் என்று புவாசே வழக்கே போட்டார். அர்னால்டைத் துரத்த முடியுமா? துரத்தியவர்களை ஒவ்வொருவராக அவர் தீர்த்துக்கட்ட, நாம் கைதட்டுகிறோம். அந்த நிமிடமே கிண்டல் செத்துவிட்டது; நம்மைக் கைதட்ட வைப்பதைத்தானே படம் கேலி செய்ய வந்தது! கூட்டத்தில் ஒரு பாட்டி, அடுத்து யார் கொல்வார் என்று கேட்டால் அர்னால்டின் பெயரையே சொல்லும் காட்சி மட்டும் பழைய நஞ்சோடு இருக்கிறது. அதைவிட, தொகுப்பாளர் கில்லியனாக வரும் ரிச்சர்ட் டாசன். ‘ஃபேமிலி ஃபியூட்’ நிகழ்ச்சியைப் பல ஆண்டு நடத்திய நிஜத் தொகுப்பாளர். மேடையில் வயதான பெண்மணிகளின் கையைப் பிடித்துக் கொஞ்சுவதும், திரைக்குப் பின்னால் வேலையாளைத் துரத்தியடிப்பதும் ஒரே மூச்சில் வருகிறது. ஹெக்கின் வாரிசு இந்தப் படத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு தமிழ்க் கிளைக்குறிப்பு. ‘பிக் பிரதர்’ இந்தியா வந்து, 2017-இல் விஜய் டிவி வழியாகத் தமிழிலும் ‘பிக் பாஸ்’ ஆனபோது தொகுப்பாளராக வந்தவர் கமல்ஹாசன். ஏறத்தாழ அறுபது ஆண்டாக நாம் நம்பிப் பழகிய முகம். வீட்டுக்குள் நடக்கும் சண்டை சச்சரவுக்கு வார இறுதியில் அவர் வந்து விசாரணை நடத்தியதும் அது ஒரு பஞ்சாயத்து மாதிரி ஆகிவிட்டது. அங்கே யாரும் யாரையும் சுடவில்லை, ஒப்பிடுவது நியாயமும் இல்லை. தொகுப்பாளர் நாற்காலியில் யார் என்பது ஏன் இவ்வளவு பெரிய முடிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

கனெக்டிகட்டில் ஒரு கர்ப்பிணி

மெங்கேயின் பாதையை விட்டு விலகாத படம் என்று நான் கருதுவது 2001-இல் வந்த அமெரிக்கப் படம், ‘சீரிஸ் 7: தி கன்டெண்டர்ஸ்’. இயக்கம் டேனியல் மினஹன். முழுப் படமும் ஒரு நிகழ்ச்சியின் ஏழாம் பருவத் தொகுப்பு. வீடியோவில் எடுத்தது, சிலும்பலான படத்தொகுப்பு, பரபரப்பான பின்னணிக் குரல், ‘அடுத்து வருவது’ துண்டுகள். குலுக்கலில் தேர்வாகும் ஆட்கள் ஒருவரை ஒருவர் கொல்ல வேண்டும். மறுக்க உரிமையில்லை. முந்தைய பருவங்களில் வென்று வந்தவள் டான், எட்டு மாதக் கர்ப்பிணி. ப்ரூக் ஸ்மித் நடித்திருக்கிறார். முதல் காட்சியிலேயே கடைக்குள் நுழைந்து ஒருவனைச் சுட்டுவிட்டு, கடைக்காரரிடம் தின்பண்டம் இருக்கிறதா என்று கேட்கும் ரகம்.

இந்தப் படத்திலும் கலகம் உண்டு. டானும், அவளுடைய பள்ளிக்காலக் காதலனான இன்னொரு போட்டியாளனும் ஆட்டத்தை விட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். சரியாக அந்த இடத்தில், அசல் காட்சிப்பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லி, வேறு நடிகர்களை வைத்து நிகழ்ச்சியே அதை ‘மீள்சித்திரிப்பு’ செய்து காட்டுகிறது. என்ன நடந்தது என்று நமக்குத் தெரியவே வழியில்லை. புவாசேயின் நாயகனுக்குக் கிடைத்த மேடை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பையும் நிலையமே எழுதி, நிலையமே நடித்து, நிலையமே ஒளிபரப்பிவிட்டது. நான்கு நிமிடம் வருமா அந்தக் காட்சி? மொத்த ‘ரன்னிங் மேன்’ சொல்ல முடியாததைச் சொல்லிவிடுகிறது.

மைக் பிடித்தவர்

2010 மார்ச்சில் பிரான்ஸ் 2 அலைவரிசை ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது, பெயர் ‘மரண ஆட்டம்’. கிறிஸ்தோஃப் நிக் என்ற ஆவணப்பட இயக்குநர், சமூக உளவியலாளர்களின் துணையோடு, ஒரு பொய் நிகழ்ச்சியை உருவாக்கினார். இன்னும் ஒளிபரப்பாகாத முன்னோட்ட நிகழ்ச்சி என்று சொல்லி 80 பேரை வரவழைத்தார்கள். பெரிய பரிசு எதுவும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் ஆள் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால், போட்டியாளர் அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் நடிகர், அதிர்ச்சியும் பொய். போட்டியாளருக்கு அது தெரியாது. அரங்கக் கூட்டம் ‘தண்டனை!’ என்று கத்த, தொகுப்பாளினி ‘தொடருங்கள்’ என்கிறார். அலறல் கேட்கிறது, பிறகு அலறலும் நின்றுபோகிறது. 460 வோல்ட் வரை கடைசி நெம்புகோலையும் இழுத்தவர்கள் 81 சதவீதம் பேர். 1960-களில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஆய்வகத்தில் நடத்திய, இதே மாதிரியான பிரபலமான சோதனையில் இது ஏறத்தாழ 65 சதவீதமாக இருந்தது.

இந்தச் சோதனை எவ்வளவு கறாரானது என்று விவாதங்கள் உண்டு. மில்கிராமின் சோதனை பற்றியும் உண்டு. சும்மா நடிப்பு என்று உள்ளுக்குள் சந்தேகித்தவர்களும் இருந்திருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. தொகுப்பாளினி மேடையை விட்டு விலகிக்கொண்ட சுற்றுகளில் கடைசிவரை போனவர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. கூட்டம் அதேதான், விளக்கும் கேமராவும் அதேதான். மைக் பிடித்தவர் மட்டும் இல்லை. ஹெக்கை அழைத்து வந்தபோது மெங்கேவும் டோல்லேவும் எதைக் கையில் எடுத்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. கொரியாவின் ‘ஸ்குவிட் கேம்’ 2021-இல் உலகெங்கும் ஓடியது. கடனில் மூழ்கியவர்களைப் பணக்காரர்கள் வேடிக்கைக்காகக் கொல்லும் கதை. அதையே நிஜப் போட்டியாக 2023-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது: 456 பேர், 45.6 லட்சம் டாலர். அதே பச்சை உடை, அதே ராட்சதப் பொம்மை. கொலைக்குப் பதில் மையைச் சிதறவிட்டார்கள். பொம்மை திரும்பும்போது அசையாமல் நிற்க வேண்டிய ஆட்டத்தை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், பழைய ஆகாயக்கப்பல் கொட்டகை ஒன்றில், உறையவைக்கும் ஜனவரிக் குளிரில் எடுத்தார்கள். மணிக்கணக்கில் அசையாமல் நின்றதில் சிலருக்கு உடம்புக்கு முடியாமல் போய், மூவருக்குச் சிறு மருத்துவ உதவி தரப்பட்டதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. மூலக்கதையில் அந்த 456 பேரை அங்கே இழுத்து வந்த கடனை மட்டும் போட்டியில் காணோம். தொகுப்பாளரும் இல்லை, ஒலிபெருக்கிக் குரல் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

‘ரன்னிங் மேன்’ நாவலை 2025-இல் எட்கர் ரைட் மறுபடி படமாக்கியிருக்கிறார், இந்த முறை ஓடுபவர் கிளென் பவல். இந்த வரிசையில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், ஷெக்லியின் சிறுகதையை ஒரே அமர்வில் படித்துவிடலாம். பிறகு ‘தாஸ் மிலியோனென்ஷ்பீல்’, அதன் பிறகு ‘சீரிஸ் 7’. அர்னால்டின் படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், டாசன் வரும் காட்சிகளுக்காக.